ரங்கூன் மல்லி: கொடி தழைக்கிறது, பூ ஏன் வரவில்லை?

[காட்சி: அந்தி நேரம். ஒரு பூங்கொத்து, மிக அருகில்.]

இந்தக் கொத்தின் நுனியைப் பாருங்கள். வெள்ளையாக இருப்பது இன்று மாலை விரிந்த பூ. அதற்குக் கீழே இளஞ்சிவப்பில் நிற்பது நேற்றையது. அடியில் தொங்கும் அடர்சிவப்பு அதற்கும் முந்தையது. வெள்ளையாக மணக்கும் முதல் இரவில் அந்துப்பூச்சிகள் வரும். சிவந்த பிறகு பகலில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும்.

இந்த அழகைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கத்தரிக்கோல்தான். இந்தப் பருவத்தில் விட்ட புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வரும். ஒழுங்காகத் தெரியட்டும் என்று மாதாமாதம் நுனியை வெட்டினால், மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். பூத்து ஓய்ந்ததும் ஒரே தடவை, மூன்றில் ஒரு பங்கு நீளத்தைக் குறையுங்கள். அப்புறம் கொடியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வெயில். தினமும் ஆறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். மூன்றாவது, தழைச்சத்து. யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகக் கொழிக்கும், பூ வராது. புல்தரைக்குப் போட்ட உரம் வேருக்குக் கசிந்தாலும் இதே கதிதான்.

[காட்சி: முதிர்ந்த தண்டில் ஒரு முள்.]

இது இலைக்காம்பு. இலை உதிர்ந்த பின் காம்பின் அடி மட்டும் தங்கிக் காய்ந்து, கொக்கி முள்ளாகிவிடும். அதை மாட்டித்தான் கொடி ஏறுகிறது. கவாத்து செய்யும்போது கட்டாயம் கையுறை போடுங்கள். இளங்கொடிக்கு இந்த முள் இருக்காது, பற்றுக்கம்பியும் கிடையாது. ஆகவே முதல் வருடம் நீங்கள்தான் பந்தலில் இழுத்துக் கட்டிவிட வேண்டும். தண்டு பருக்கும், கட்டு தளர்வாக இருக்கட்டும். பந்தலுக்கு இரும்புக் குழாயே நல்லது. முதிர்ந்த கொடியின் கனத்தை மூங்கில் வெகுநாள் தாங்காது.

குழி ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. வேர் பிடிக்கும்வரை மேல்மண் காயக் காயத் தண்ணீர் விடுங்கள். குழியில் நீர் தேங்கினால் இலை மஞ்சளாகும்.

வேரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். தரையோடு வெட்டினால் திரும்பவும் துளிர்க்கும். தோண்டி, வேரோடு எடுங்கள். எடுத்ததைத் தொட்டியில் நட்டு, துளிர் விடும்வரை நிழலில் வைத்தால் புதுக்கொடி தயார்.