டெக் பலகையும் அம்மாவின் வெறுங்காலும்

வணக்கம் உறவுகளே. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில்தான் நிற்கிறேன். பின்னால் தெரிகிற மர டெக்கை, அதாவது வீட்டோடு ஒட்டின பலகைத் திண்ணையை, கழற்றத் தொடங்கியாயிற்று. இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் தேய்த்து ஸ்டெயின் என்கிற மரச்சாயம் அடித்தே இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் மகளின் குதிக்காலில் சிராய் ஏறியது. போதும், இனிக் கம்பொசிட் பலகைதான்.

இந்தக் கம்பொசிட் சாம்பிள் துண்டின் வெட்டுமுகத்தைக் கிட்டப் பாருங்கள். உள்ளே மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து இறுக்கியிருக்கிறார்கள். தொதல் வெட்டினது மாதிரி இருக்கிறதல்லவா? சுற்றிவர மெல்லிய பிளாஸ்டிக் தோல். முந்தி வந்த பலகைகளுக்கு இந்தத் தோல் இல்லை, அதுதான் வெளிறிப் பூஞ்சணம் பிடித்தன. இப்போது இதைத் திருப்புகிறேன். அடியில் தோல் இல்லை, மூன்று பக்கம் மட்டும்தான். என் டெக்கின் ஒரு மூலை நிலத்தோடு ஒட்டினாற்போல் வருகிறது, அங்கே ஈரம் காயாது. ஆகவே நாலு பக்கமும் மூடியதைத்தான் எடுக்கிறேன்.

நிறத்தில்தான் வீட்டில் வழக்கு. மனைவிக்கும் எனக்கும் கடுங்கபிலம் பிடித்திருந்தது. கடையின் ரியூப் லைட்டில் என்ன அழகு! சனிக்கிழமை மத்தியானம் நிறச் சாம்பிள் துண்டுகளை இந்த வளவு வெயிலில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வளவுக்குச் செருப்புப் போடவே மாட்டார். மணல் நிறத்தில் நின்றார், வெளிர்சாம்பலில் நின்றார். கபிலத்தில் கால் வைத்ததும் துள்ளி இறங்கி, "இதில தோசை சுடலாமடா தம்பி" என்றார். அத்தோடு வழக்கு முடிந்தது. வெளிர் நிறமும் சுடத்தான் செய்யும், ஆனால் நிற்கலாம்.

அப்புறம், அடிச்சட்டம் இப்பவும் உக்காமலிருக்க மருந்தேற்றிய மரம்தான். கம்பொசிட் பலகை மரத்தைவிட வளையும். 16 அங்குலத்துக்கு ஒரு குறுக்குமரம் வேண்டும், பலகையை மூலைவாக்கில் அடித்தால் 12. என் பழைய சட்டத்தில் 24! செலவுக் கணக்கில் இதை நான் போடவே இல்லை. வெயிலில் பலகை நீளும், குளிரில் சுருங்கும். முனைகளில் விட வேண்டிய இடைவெளியைக் கம்பனி அட்டவணையைப் பார்த்தே விடுங்கள்.

இனி ரெயிலிங். ஒன்ராறியோவில் டெக் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் ரெயிலிங் கட்டாயம். என்னுடையது அந்த ஒரு மூலை தவிர அதற்கு மேல்தான், ஆனால் 180ஐத் தாண்டவில்லை. ஆகவே 90 சென்ரிமீற்றர் உயரம் போதும். கம்பிகளுக்கிடையில் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பந்து நுழையக்கூடாது. கம்பொசிட் ரெயிலிங் தூண் பெரும்பாலும் மரத்தூணுக்குப் போட்ட உறைதான். உள்ளே மரம் சுருங்கி ஆடத் தொடங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. நான் கறுப்பு அலுமினியம், செங்குத்துக் கம்பி எடுக்கிறேன். கிடையாகக் கம்பி ஓடினால் மகளுக்கு அது ஏணி.

சரி, மழை இருட்டுகிறது. மிச்ச ஆணிகளைப் பிடுங்கவேண்டும். குறுக்குமரம் அடிக்கிற அன்று திரும்ப வருகிறேன்.