பிணைமானின் நாட்கணக்கும் பின்பருவ வேட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

மான் என்றதும் நமக்குப் புள்ளிமான்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசவிருப்பது வட அமெரிக்காவின் வெண்வால் மானைப் பற்றி. அதிலும் பென்சில்வேனியா மாநிலத்து மலைக்காடுகளில், நவம்பர் மாத இணைசேர்க்கையின் ஆரவாரம் ஓய்ந்தபின், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி வரை நீளும் பின்பருவ வேட்டையைப் பற்றி.

புள்ளிமான் ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடக்கூடியது. பனி பெய்யும் வடக்கே அப்படி இருந்தால் குட்டி பிழைக்காது என்பதால், வெண்வால் மானின் இனப்பெருக்கம் பகற்பொழுதின் நீளத்தோடு பிணைந்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் பகல் குறுகக் குறுக, மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினைக் கூடுதல் நேரம் சுரக்கிறது. அதன் தொடர்விளைவாகவே பிணைமான்கள், அதாவது பெண்மான்கள், நவம்பர் நடுவில் இணைசேரும் பருவத்துக்கு வருகின்றன. குளிர் விழுந்தால்தான் மான்கள் இணையும் என்று சொல்லும் வேட்டைக்காரர்கள் இன்றும் உண்டு. வெப்பமான நாட்களில் மான் இருட்டிய பிறகே நடமாடுவதைப் பார்த்துவிட்டு, இணையவே இல்லை என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இணைசேர்க்கை குளிரைச் சார்ந்ததல்ல என்ற உண்மையைக் கண்டறிந்த விதம் சுவையானது. சாலையில் வாகனம் மோதி இறந்த பிணைமான்களின் வயிற்றிலிருந்து கருவை எடுத்து, நாட்கணக்கு குறிக்கப்பட்ட ஓர் அளவுகோலின்மேல் வைத்து, அதன் நீளத்தைக் கொண்டு அது எந்த நாளில் உருவானது என்று பின்னோக்கி எண்ணுகிறார்கள். சினைக்காலம் சுமார் 200 நாள். ஆகவே குட்டிகள் பெரும்பாலும் மே இறுதியிலும் ஜூனிலும் பிறக்கின்றன.

பிணைமானின் பருவம் ஏறத்தாழ ஒரே நாள்தான் நீடிக்கும். ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இடைவெளி பசுவுக்கு 21 நாள் என்று மாடு வளர்ப்போர் கணக்கு வைத்திருப்பதைப் போல, பிணைமானுக்கு அது சுமார் 28 நாள். நவம்பரில் சினை பிடிக்காத பிணைமான் டிசம்பரில் மீண்டும் பருவத்துக்கு வரும். அவ்வாண்டு பிறந்து, நன்றாக மேய்ந்து, 35 கிலோவை நெருங்கிவிட்ட பெண்குட்டிகளில் சிலவும் அப்போதுதான் முதன்முறையாகப் பருவமடையும். இதை இரண்டாம் இணைசேர்க்கைக் காலம் என்று கொண்டாடுவது மிகை என்பது என் கருத்து. பெரும்பாலான பிணைமான்கள் நவம்பரிலேயே சினைப்பட்டிருக்கும்.

ஆண்மானோ, வாரக்கணக்கில் தீனியை மறந்து ஓடி, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் இழந்து, டிசம்பரில் வெறும் பசியாக மட்டும் மிஞ்சுகிறது. நவம்பரில் பிணைகளைக் கவர அது குளம்பால் பிறாண்டி மூத்திரம் பெய்த இடத்தருகே இன்னமும் காத்திருப்பவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். தீனி இருக்குமிடத்தைத் தேடுவதே பின்பருவ வேட்டை. ஒரு டிசம்பர் இறுதியில் நண்பர் ஒருவர் தமது பண்ணையின் மேலே, வெயில் படும் தெற்குச் சரிவை எனக்குக் காட்டினார். எங்கும் வெண்பனி, ஓக் மரங்களின் அடியில் மட்டும் பனி கிளறப்பட்டு, பழுப்பு இலைகள் மேலே வந்து, கடித்துப் போட்ட ஓக் கொட்டைகளின் தொப்பிகள் சிதறிக் கிடந்தன. அவர் குனிந்து ஒரு புழுக்கையை விரலால் அழுத்திப் பார்த்தார். அது இன்னும் உறைந்திருக்கவில்லை.

1974-இல் தொடங்கிய இந்தக் குளிர்கால வேட்டைக்கு உரிய ஆயுதம், சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும், குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. பொறி விழும் சிறு கிண்ணியிலுள்ள கருமருந்தில் ஈரம் ஏறினால், குதிரை எனப்படும், கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியல் விழும், பொறி பறக்கும், வெடி கேட்காது; மான் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

இப்பருவத்தில் பலர் சுடுவது பிணைமானை. அது சினையாக இருக்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டியோடு. இது கேட்பவர் மனத்தைச் சங்கடப்படுத்தும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அக்டோபரில் சுட்டாலும் அடுத்த ஜூனில் அந்தக் குட்டிகள் இருக்கப்போவதில்லை என்பதால், கணக்கில் வேறுபாடு எதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் மான் அநேகமாக அற்றுப்போயிருந்த காலத்தில், 1906 முதல் வெளிமாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் பிணைமானைச் சுடக்கூடாதென்று சட்டமும் செய்தார்கள். மான்கள் பெருகி, காட்டின் இளம் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்த பின்னரும், பிணைமானைச் சுடுவது பாவம் என்ற எண்ணம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது பிணைமான்தான் என்பதை ஏற்க அங்கே பல தலைமுறைகள் ஆயின. ஆண்மான்களில் எத்தனை குறைந்தாலும் மிஞ்சியவை எல்லாப் பிணைகளையும் சினைப்படுத்திவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்மான்கள் பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை கொம்புகளை உதிர்க்கின்றன. மெலிந்துபோனவை சில டிசம்பர் இறுதியிலேயே உதிர்த்துவிடும். அந்தி மங்கலில் கொம்பில்லாத தலையைப் பார்த்துப் பிணை என்று சுட்டவர், அருகே போய்க் காதுகளுக்கிடையே தடவும்போதுதான், கொம்பு கழன்ற இடத்தின் இரண்டு வட்டப் புண்கள் விரலில் படும்.