டேக்கன் 2: சறுக்கியது கதையில்தான்

நடுவர் அவர்களே, வணக்கம். ‘டேக்கன்’ என்ற அதிரடிப் படத்தின் இரண்டாம் பாகம் ஏமாற்றியது கதையாலா, இயக்கத்தாலா என்பது தலைப்பு. கதையால்தான் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் ஒரு கணக்குப் போட்டார். இரண்டுக்கும் எழுத்து லுக் பெஸ்ஸான், ராபர்ட் மார்க் கேமன். இயக்குநர் மட்டும் பியர் மொரெல் போய் ஒலிவியே மெகட்டன் வந்தார். ஆகவே பழி அவர்மேல் என்றார். ஐயா, சமைத்தவர் புளி போட மறந்தால் பரிமாறியவரையா பிடிப்பது?

2008இல் வந்த முதல் படத்தில், கடத்தப்பட்ட மகளைத் தேடிப் போகிறான் நாயகன். அதில் அந்தப் புளி, ஆள்கடத்தல் தொழில். பாரிஸ் விமான நிலையத்தில் ‘டாக்சியில் சேர்ந்தே போகலாமா’ என்று சிரித்துப் பேசி, தங்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள ஒரு பையன். வீடு புகுந்து தூக்க அல்பேனியக் கும்பல். போதை ஊசி போட்டுப் பெண்களை அடைத்துவைக்கக் கட்டுமானத் தளம். மாளிகையில் ஏலம். ஏலம் எடுத்தவன் படகில். காசு வாங்கிக்கொண்டு கண்மூடும் அதிகாரியும் உண்டு. ஒரு கண்ணியை உடைத்தால்தான் அடுத்த கண்ணி தெரியும். மகளைக் கண்டுபிடிக்கத் தலைக்கு மேல் 96 மணி நேரக் கெடு வேறு.

2012இல் இஸ்தான்புல். முதல் படத்தில் நாயகன் கையால் மகனைப் பறிகொடுத்த முராத் பழிவாங்க வருகிறான். அவ்வளவுதான்! ஏலமில்லை, வாங்குபவன் இல்லை, கெடுவும் இல்லை. தேடிப்போக எதிரி எங்கே? அவன்தான் வாசலுக்கே வந்துவிட்டானே!

சண்டைகளை நறுக்கித் தள்ளியிருக்கிறார்கள் என்றார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன், கண் வலிக்கிறது. ஆனால் கைக்குண்டுக் காட்சியைப் பாருங்கள். எதிரிகளால் கட்டிப்போடப்பட்ட நாயகன், அதாவது அப்பா, போனில் சொல்ல, அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மகள் குண்டு வீசுகிறாள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வெடித்ததற்கும் அப்பா காதில் விழுந்ததற்கும் மூன்று நொடி என்றால், அவர் இருப்பது சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில். வரைபடத்தில் வட்டம் போடலாம். யோசனை நல்ல யோசனை. ஆனால் சனம் நெருக்கும் ஊர் நடுவே, ஓட்டுநர் தேர்வில்கூடத் தேறாத பெண்ணைக் குண்டு வீசச் சொல்லும் தகப்பனை எழுதியது யார், கேமராவா?

37 கோடி டாலர் வசூலாயிற்றே என்பார்கள். முதல் படத்தின் பெயருக்கு விழுந்த மொய் அது.

மணி அடிக்குமுன் ஒன்று. முடிவில் நாயகன் முராதிடம் சொல்கிறான்: உன்னைக் கொன்றால் உன் மற்ற மகன்கள் வருவார்கள், அவர்களையும் கொல்ல வேண்டும், இதெல்லாம் எனக்கு அலுத்துவிட்டது என்று. நடுவர் அவர்களே, அந்த வசனத்தை மெகட்டன் எழுதவில்லை.