பேசாத கதிரை

வணக்கம் நேயர்களே. இன்று, இலங்கை அரசாங்க சபையின் சபாநாயகராக இருந்த சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமியைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் போவதற்கு முதல் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை ஒருக்கால் திறக்கவேண்டும்.

எங்கள் பேரனார், அதாவது பாட்டனார், யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதும் ஒரு பிறக்கிராசியாரிடம் கிளாக்கராக இருந்தவர். அவருடைய பெட்டிக்குள் சிவப்பு நாடா கட்டிய உறுதிகள், பூச்சி உருண்டை மணம், ஓரத்தில் கறையான் தின்ற ஒரு காணி வரைபடம். உறுதி எழுத வருகிறவரிடம் அவர் கேட்கும் முதற் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. "பங்காளிக்கு அறிவிச்சதோ?" என்பதுதான். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவைப் பதவியிலிருந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டம், அப்படி. கூட்டுக்காணியில் பங்குள்ளவருக்குச் சொல்லாமல் பிறத்தியாருக்கு விற்றால் வழக்கு வரும். பரம்பரையாய் வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்வில் தேடிய தேடியதேட்டம் என்று ஒரு குடும்பத்துச் சொத்தே மூன்றாகப் பிரிந்து நிற்கும். மாரி காலத்தில் வேலி அடைக்கிற சாட்டில் வேலிக் கதியாலை, அதாவது நடுகிற தடியை, ஒரு முழம் தள்ளிப் போட்டால் இன்னொரு வழக்கு. அரை லாச்சம் நிலத்துக்கு வழக்காடி நாலு பரப்பு நிலத்தை விற்றவர்கள் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே உண்டு. பெயர் சொல்லமாட்டேன், இந்த வானொலியை அவர்களும் கேட்கிறவர்கள்.

இளையவர்களுக்காக ஒன்று. அந்தக் காலத்தில் கட்சிக்காரனைச் சந்திப்பது, பத்திரம் தயாரிப்பது பிறக்கிராசி. மன்றில் எழுந்து வாதாடுவது அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இரண்டும் ஒன்றாகி எல்லாரும் சட்டத்தரணி ஆகிவிட்டார்கள். ஊர்க் குடும்பங்களின் குட்டு முழுக்க இவர்களின் அலுமாரிக்குள் இருந்தது. அதனால்தான் கோயில் சபையோ பள்ளிக்கூடச் சபையோ வாசிகசாலையோ, எது தொடங்கினாலும் தலைமைக் கதிரை ஒரு சட்டம் படித்தவருக்குப் போனது. கூட்டக் குறிப்பு எழுதவும் யாப்பு வகுக்கவும் தெரிந்தவர்களும் அவர்கள்தானே. அந்தச் சபைகளின் வாசல் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதைத் தட்டித் திறக்கப் பார்த்தவர்கள், எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் இருத்திச் சமபந்தி போசனம் வைத்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள்.

துரைசுவாமி 1874இல் பிறந்த வேலணைப் பிள்ளை. பட்டணத்துக்குக் கடலைத் தாண்டி வரவேண்டிய தீவு. கொழும்புக்கு ரயில் முழுதாக ஓடத் தொடங்கியதே 1905இல்தான், இவர் அதற்கு முன்னமே கல்கத்தா போய்ப் படித்துத் திரும்பிவிட்டார். அப்புக்காத்து ஆனார். 1921இல் வட மாகாணத்தின் சார்பில் அன்றைய சட்டமன்றமான சட்ட நிரூபண சபைக்குத் தெரிவானார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் சபைப் பணியிலும் அவர் கை இருந்தது. கொழும்புத்துறையில் வாழ்ந்த ஞானி யோகர் சுவாமியின் அன்பர்களில் ஒருவர்.

1931இல், அரசாங்க சபை என்ற புதிய சட்டமன்றத்தைக் கொண்டுவந்த டொனமூர் அரசியல் யாப்பின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குக் கிடைத்தது. அதே வருடம், இதிலே சுயராச்சியம் இல்லை என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்க, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாலு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. 1934இல்தான் நிரம்பின. கொள்கை பெரிதுதான். ஆனால் அந்த மூன்று வருடம் நாங்கள் கொடுத்த விலை கூட என்பது என் கணக்கு.

1936இல் துரைசுவாமி ஊர்காவற்றுறை ஆசனத்திலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். போன உடனேயே சபாநாயகர் ஆனார். 1947 வரை, பதினொரு வருடம். காலிமுகத்திடலில், இன்று சனாதிபதிச் செயலகம் இருக்கும் அந்தத் தூண் வைத்த கட்டடத்தில்.

வாதாடியே பெயர் எடுத்த ஒருவர், வாதாட முடியாத கதிரையில் போய் இருக்கிறார். 1944இல் மொழிப் பிரேரணை வருகிறது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கக் கேட்டு ஜே. ஆர். ஜயவர்த்தன கொண்டுவந்தது. வி. நல்லையா திருத்தம் கொண்டுவந்து தமிழையும் சேர்ப்பிக்கிறார். சபாநாயகருக்கு அதில் ஒரு சொல் பேச இடமில்லை. யார் எழுந்தால் யாருக்கு வாய்ப்பு, எது ஒழுங்கு, வாக்கு எத்தனை, அவ்வளவுதான் அவர் வேலை. கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி அந்தச் சபையில்தான் நிறைவேறியது. சபை ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, பாதி சிறுபான்மையினருக்கு என்று ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு முழங்கியதும் அதே காலம். பொன்னம்பலத்தின் குரலைப் பற்றிச் சொல்ல இன்றும் யாழ்ப்பாணத்தில் ஆள் இருக்கிறது. துரைசுவாமியின் குரல் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு ஒருவரும் அகப்படவில்லை.

தமிழருக்கு அவர் என்ன செய்தார் என்று சிலர் கேட்பதுண்டு. பக்கம் சாராமல் இருப்பதற்கென்றே ஒருவரைக் கதிரையில் இருத்திவிட்டு, ஏன் எங்கள் பக்கம் சாயவில்லை என்று கேட்பது கொஞ்சம் அநியாயம். பெரும்பான்மையோர் சிங்களவராயிருந்த சபை, பதினொரு வருடம் ஒரு வேலணைத் தமிழரின் தீர்ப்பை ஏற்று நடந்தது. பின்னாளில் நடந்ததையெல்லாம் பார்த்த கண்ணுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

1966இல், தொண்ணூற்றொரு வயதில் காலமானார்.

பேரனார் மாலையில் திண்ணையிலிருந்து ஈழகேசரிப் பத்திரிகையை உரக்க வாசிப்பாராம், சுற்றவர நாலைந்து பேர் இருப்பார்களாம். அரசாங்க சபைச் செய்தி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொல்வதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "எல்லாரும் பத்தி பத்தியாக் கதைக்கினம். எங்கட அப்புக்காத்தற்ரை பேர் ஒரு வரியிலைதான் கிடக்கு." பிறகு அந்த ஒரு வரியை இரண்டு தரம் வாசிப்பாராம்.

நன்றி, வணக்கம்.