மல்யுத்த ரசிகர்களின் துக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பாடகரோ நடிகரோ இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் அவருடைய ரசிகர்கள் அழுவார்கள். தொழில்முறை மல்யுத்த வீரர் ஒருவர் இறந்தார் என்ற செய்தி வந்தால், அழுகைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். இது நிஜமா, இல்லை கதையா? டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பழைய பெயரிலேயே நம்மில் பலர் இன்னமும் அழைக்கும் அந்த நிகழ்ச்சியில், யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். 1994 ஜனவரியில் அண்டர்டேக்கர் என்ற வீரரைச் சவப்பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தார். இப்படிப்பட்ட கதைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

"எல்லாம் நடிப்புதானே, அதற்குப் போய் அழுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டிலேயே இதைக் கேட்டிருப்பார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. எது கதை, எது நிஜம் என்று ரசிகர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த எல்லையைப் பலமுறை மறந்தவர்கள் நிகழ்ச்சியை நடத்தியவர்கள்தான்.

1999 மே 23. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் கெம்பர் அரினா என்ற உள்ளரங்கம். பதினாறாயிரத்துக்கும் அதிகமான கூட்டம். கனடாவின் கால்கரி நகரத்து ஹார்ட் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை ஓவன் ஹார்ட், நீல முகமூடி போட்ட 'புளூ பிளேசர்' என்ற வேடிக்கைப் பாத்திரத்தில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டும். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் கொக்கியைச் சட்டென்று கழற்றிக் குப்புற விழுந்து சிரிக்க வைப்பதாகத் திட்டம். அதற்காகவே எளிதில் திறந்துகொள்ளும் கொக்கியை மாட்டியிருந்தார்கள். அது மேலேயே திறந்துகொண்டது. சுமார் 78 அடி உயரத்திலிருந்து ரிங்கின் மூலைப்பக்கம் கயிற்றில் மோதி விழுந்தார். வயது 34.

வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த விழுதலைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் முன்பே பதிவு செய்த காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல, நிஜமாகவே விபத்து நடந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ஓவன் இறந்துவிட்டார் என்பதையும் அவரே அறிவித்தார். ஆனால் அந்த அறிவிப்பு தொலைக்காட்சிக்கு மட்டும்தான். அரங்கத்துக்குள் இருந்த ஆயிரக்கணக்கானோருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஓவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த போட்டி தொடங்கியது. அதே ரிங்கில், கடைசிவரை.

நாடகம் பார்க்க வந்த ஒருவர் தன் கண்ணெதிரே ஒரு மனிதர் விழுவதைப் பார்க்கிறார். பொம்மையைப் போட்டார்களோ என்று நினைக்கிறார். அடுத்த போட்டி தொடங்கியதும், சரி, பெரிதாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று கைதட்டுகிறார். வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிகிறது, தான் கைதட்டியபோது அந்த மனிதர் உயிரோடு இல்லை என்று. அந்தக் கைதட்டலின் பாரத்தை அந்த ரசிகர்மேல் ஏற்றியது நிறுவனம். நிகழ்ச்சியை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனை வருடம் போனாலும் இதில் என் எண்ணம் மாறாது.

மறுநாள் செயின்ட் லூயிஸ் நகரில் இரண்டு மணி நேர அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி வரிசையாக நின்றார்கள். ரிங் மணி பத்து முறை ஒலித்தது. குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை அது. முதல் மணி அடித்ததும் இரைச்சலான கூட்டம் அப்படியே அடங்கிவிடும். அன்றைக்கு வில்லன், நாயகன் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரும் தங்கள் சொந்தக் குரலில் பேசி அழுதார்கள்.

ஓவனின் மனைவி மார்த்தா நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார். 2000இல் சுமார் 1.8 கோடி டாலருக்கு அது சமரசத்தில் முடிந்தது. அதன்பிறகு, ஓவனை நிறுவனத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்க அவர் இணங்கவே இல்லை. ரசிகர்களில் பலருக்கு இதில் வருத்தம் உண்டு. நாங்கள் நேசித்தவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லையே என்பார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் மார்த்தா பக்கம்தான். கணவரை இழந்தவருடைய முடிவுக்கு முன்னால் ரசிகரின் ஆசை நிற்கக் கூடாது. 2022இல் ஏஇடபிள்யூ என்ற போட்டி நிறுவனம் ஓவன் பெயரில் கோப்பைப் போட்டி நடத்தியபோது, மார்த்தா தாமே மேடைக்கு வந்து கோப்பையை வழங்கினார். அவர் விரும்பிய இடத்தில், அவர் விரும்பிய முறையில் ஓவனின் பெயர் ஒலித்தது.

அப்புறம் எடி கெரேரோ. டெக்சாஸின் எல் பாசோவில் மெக்சிகன் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தவர். குடியிலும் போதை மருந்திலும் சிக்கி, வேலை இழந்து, அதிலிருந்து மீண்டு வந்தவர். 2004 பிப்ரவரியில் பிராக் லெஸ்னரைத் தோற்கடித்துப் பட்டம் வென்றதும் கூட்டத்துக்குள் பாய்ந்து மக்களைக் கட்டிக்கொண்டார். 2005 நவம்பர் 13 அன்று மினியாபொலிஸ் நகரில் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். இதயநோய். வயது 38. அன்று அதே ஊரில் நிகழ்ச்சிப் பதிவு இருந்தது. சண்டை பார்க்க டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் அன்று துக்கத்துக்கு வந்த கூட்டமாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். சில மாதங்களுக்குள்ளேயே எடியின் மரணத்தைக் கதைக்குள் இழுத்தார்கள். அவருடைய நண்பர் ரே மிஸ்டீரியோவைச் சீண்டும் வில்லனாக ராண்டி ஆர்ட்டன், எடி சொர்க்கத்தில் இல்லை, நரகத்தில் இருக்கிறார் என்று பேசினார். எழுதிக் கொடுத்த வசனம்தான். கூட்டம் கூச்சலிட்டது. வழக்கமாக வில்லனைப் பார்த்துக் கத்துகிற கத்தல் வேறு; இது அந்த வசனத்தை எழுத விட்டவர்கள்மீது வந்த கோபம். வில்லத்தனத்தைக் காசு கொடுத்து ரசிக்கும் அதே மக்கள், நிஜமாகவே இறந்தவரை வைத்துக் கதை கட்டியதும் இது வேண்டாம் என்றார்கள்.

2007 ஜூனில் நடந்ததைப் பேசாமல் இந்தத் தலைப்பைக் கடக்க முடியாது. அந்த மாதம் 11ஆம் தேதி, நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மேனின் கார் வெடித்து அவர் செத்துப்போனது போல ஒரு கதையை ஒளிபரப்பினார்கள். 25ஆம் தேதி டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் அவருக்குக் கற்பனை இரங்கல் நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தார்கள். அன்று மாலையே, மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வா, அவருடைய மனைவி நான்சி, ஏழு வயது மகன் டேனியல் மூவரும் ஜார்ஜியாவில் தங்கள் வீட்டில் இறந்துகிடந்த செய்தி வந்தது. காலி அரங்கில் நின்று, கதைப்படி செத்தவரான மெக்மேன், என் மரணம் கற்பனை, இது நிஜம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் பென்வாவுக்கு அஞ்சலி. ரசிகர்கள் உலகமெங்கும் அழுதார்கள். நிகழ்ச்சி முடிவதற்குள்ளேயே உண்மை கசியத் தொடங்கியது: மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டவர் பென்வாதான். மறுநாள் நிறுவனம், இனி அவரைப் பற்றிப் பேசமாட்டோம் என்றது.

நிறுவனம் ஒரே நாளில் கைகழுவிவிட்டது. ரசிகர்களால் அது முடியவில்லை. 1999 அக்டோபர் 4 அன்று, ஓவன் விழுந்த அதே கெம்பர் அரினாவில், அண்ணன் பிரெட் ஹார்ட் தம்பியின் நினைவாக ஒரு போட்டியில் மோதினார். எதிரே நின்றவர் கிறிஸ் பென்வா. ஓவனுக்குக் கிடைத்த மிக அழகான அஞ்சலி அதுதான் என்று பலர் சொல்வார்கள். இன்றைக்கு அதைப் போட்டுப் பார்க்கும் ரசிகர் என்ன செய்வார்? பாதிக்கு மேல் பார்க்க முடியாதவர்களும் உண்டு, பார்த்துவிட்டு மனம் குமைபவர்களும் உண்டு. இரண்டுமே நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் பென்வாவின் திறமையைப் பற்றிய விவாதத்தில் நான்சியும் டேனியலும் காணாமல் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான்சியும் இந்தத் தொழிலில் இருந்தவர்தான், 'வுமன்' என்ற பெயரில் ரசிகர்கள் அறிந்த முகம். துக்கத்தில் முதல் உரிமை அவருக்கும் அந்தக் குழந்தைக்கும்.

பென்வாவின் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தொடர்ந்து அடிபட்டதால் அது முதுமை மறதிநோய் முற்றிய 85 வயதுக்காரரின் மூளை போல் இருந்ததாகச் சொன்னார்கள். செய்த கொலைகளுக்கு இது மன்னிப்பு ஆகாது. ஆனால் ரசிகர்களிடம் ஒரு மாற்றம் வந்தது. நாற்காலியால் தலையில் ஓங்கி அடித்தால் அரங்கம் அதிரக் கைதட்டிய காலம் உண்டு. 2010இல் நிறுவனம் அதைத் தடை செய்தது. இன்று யாராவது தலையில் அடி வாங்கினால், கூட்டத்தில் பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த முகச்சுளிப்பைவிடப் பெரிய அஞ்சலி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 26 அன்று பிராடி லீ என்ற பெயரில் மோதிய ஜான் ஹ்யூபர் நுரையீரல் நோயால் 41 வயதில் இறந்தார். நான்கு நாள் கழித்து ஏஇடபிள்யூ நடத்திய நிகழ்ச்சியில் கதை எதுவும் புகவில்லை. அவர் வைத்திருந்த பட்டத்தை அவருடைய மூத்த மகனிடம் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் அவருடைய பழைய கூட்டாளி பிரே வயட் 36 வயதில் மாரடைப்பால் இறந்தார். வயட் இருட்டில் விளக்கோடு வரும்போது ரசிகர்கள் கைப்பேசி விளக்கை ஏற்றி மின்மினிகளைப் போல ஆடுவது வழக்கம். மறுநாள் லூயிவில் நகரில் அதையே செய்தார்கள். நிகழ்ச்சிக்கான சடங்கை ரசிகர்களே நினைவஞ்சலியாக மாற்றிக்கொண்டார்கள்.

கடைசியாக ஜப்பான். 2009 ஜூன் 13, ஹிரோஷிமா. பச்சை உடையில் மோதும் மிட்சுஹாரு மிசாவா, நோவா என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர், பின்னோக்கித் தூக்கி எறியும் ஒரு சாதாரணப் பிடியில் விழுந்து எழவில்லை. நூற்றுக்கணக்கான முறை வாங்கிய பிடிதான் அது. ரிங்கிலேயே முதலுதவி நடந்தது. சுற்றி நின்ற கூட்டம் "மிசாவா, மிசாவா" என்று கத்திக்கொண்டே இருந்தது. அந்த இரவே 46 வயதில் இறந்தார். ஜூலை 4 அன்று டோக்கியோவில் நடந்த அஞ்சலிக்கு 25,000க்கும் மேற்பட்டவர்கள் பூவோடு வரிசையில் நின்றார்கள்.

அவரைத் தூக்கி எறிந்தவர் அகிதோஷி சைட்டோ. அவர்மேல் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் தன் கையால் தலைவரை இழந்தவர் என்ற பெயரைச் சுமந்துகொண்டு மறுபடி ரிங்குக்குள் வருவது எவ்வளவு கடினம்! சிலர் அவரைத் திட்டத்தான் செய்தார்கள். ஆனால் டிக்கெட் வாங்கி அரங்குக்கு வந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆதரவு கொடுத்தார்கள். அவர் விலகிப் போகவில்லை. அதன்பிறகு பதினைந்து வருடம் அதே ரசிகர்கள் முன்னால் மோதினார். 2024 நவம்பரில், 59 வயதில்தான் ஓய்வு பெற்றார்.

நன்றி, வணக்கம்.