முள்ளு நடுவுல வரட்டும்

எல்லாருக்கும் வணக்கம். உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசல்லயே ஒரு கூத்து. வண்டிய நிறுத்தி ஹெல்மெட்ட கழட்டுறேன், கேட்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன் வந்து வண்டிய ஒரு ரவுண்டு சுத்தி பாத்துட்டு, "சார், இது எந்த வருஷம்?"னாரு. 1978னேன். "கியர் வலது காலுதானே?"னாரு. ஆமான்னேன். "எங்க மாமா வச்சிருந்தாரு சார், ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி காட்டுங்களேன்". ரேடியோ ரெக்கார்டிங்குக்கு நேரமாச்சுன்னு சொன்னா விடல மனுஷன். ஸ்டார்ட் பண்ணேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம ஒரு நிமிஷம் அந்த சவுண்ட கேட்டுட்டு நின்னோம். நான் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்ததுக்கு அதுதான் காரணம், ப்ரோக்ராம் பாக்குற மேடம் மன்னிச்சுக்கணும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறையில டர்னரா இருந்தவன். பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் வச்சிருக்கறது, அதுல ஊர் சுத்துறது, இத பத்தி பேச சொல்லி கூப்ட்டாங்க. மூணு விஷயம் எழுதி சட்டப் பையில வச்சிருக்கேன். ஒண்ணு வண்டி, ரெண்டு செஞ்சிக்கு போனது, மூணு இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல். பாக்கலாம் எவ்ளோ தூரம் போகுதுன்னு.

புல்லட்னா நம்ம ஊரு வண்டின்னு நினைச்சுக்கறோம், பாதி சரி. அதுக்கு பொறந்த வீடு இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊரு. புல்லட்ங்கற பேரு 1932லயே வந்தாச்சு. நம்ம ராணுவத்துக்கு பார்டர்ல ரோந்து போக வண்டி வேணும்னு 1950கள்ல 800 வண்டி ஆர்டர் போட்டாங்க, அதுக்கப்புறம் 1955ல மெட்ராஸ்ல கம்பெனி ஆரம்பிச்சு திருவொற்றியூர்ல பேக்டரி வந்துச்சு. மொதல்ல அங்க இருந்து பார்ட்ஸ் பார்ட்ஸா வந்து இங்க பூட்டுனாங்க, போகப்போக எல்லாத்தையும் இங்கயே செஞ்சாங்க. ரெட்டிச் பேக்டரிய 1967ல மூடிட்டாங்க, 1970ல இங்கிலாந்துல வண்டி செய்யறதே நின்னு போச்சு. பொறந்த வீட்ல அடுப்பு அணைஞ்சாச்சு, புகுந்த வீட்ல மட்டும் அதே இன்ஜின் எரிஞ்சுட்டே இருந்துச்சு. 1977ல இங்க இருந்து அந்த இங்கிலாந்துக்கே வண்டிய ஏத்துமதி பண்ணாங்க, சீர் கொண்டு போற மாதிரி. என் வண்டி அதுக்கு அடுத்த வருஷத்தது.

1992ல சீட்டு எடுத்த காசுல வாங்குனேன், மூணாவது கை. 346 சிசி, 18 குதிரை சக்தி, வெயிட்டு 160 கிலோவுக்கு மேல. இதுல ஒரு விஷயம், ரேடியோவுல என்னைய உங்களால பாக்க முடியாதுல்ல, அதனால நானே சொல்லிடறேன். என் வெயிட்டு 54 கிலோ. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். வண்டி வாங்கிட்டு தெருவுக்குள்ள வந்தப்போ எங்க அம்மா பாத்துட்டு சொன்னது, "நீ இத ஓட்டுறியா, இது உன்ன ஓட்டுதா?"

அம்மா கேட்டதுல தப்பில்ல. ஏன்னா மொத வாரமே சைதாப்பேட்டையில, பனகல் மாளிகை கிட்ட சிக்னல்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி நின்னு போச்சு. பின்னாடி பஸ்ஸு. பஸ்ஸுக்கு பின்னாடி இன்னொரு பஸ்ஸு. நான் கிக்கர உதைக்கறேன், உதைக்கறேன், வேர்த்து ஊத்துது, ஆத்திரத்துல மொத்த ஒடம்பையும் தூக்கி ஒரு உதை விட்டேன் பாருங்க, கிக்கர் அப்படியே திருப்பி அடிச்சுது. கால் முட்டிக்கு கீழ, முன்பக்க எலும்புல. புல்லட் வச்சிருந்தவங்களுக்கு இத நான் விளக்க வேணாம், இப்ப கேக்கும்போதே கால தடவிட்டு இருப்பாங்க. கண்ணுல பூச்சி பறக்குது, வண்டிய எப்படியோ ஓரமா தள்ளிட்டு போய் நிக்கறேன். அங்க பிளாட்பாரத்துல ஒரு ஆயா மல்லிப்பூ கட்டிட்டு இருந்துச்சு. கட்டுறத நிறுத்தாமயே என்ன பாத்து, "இன்னாப்பா இந்த ஒத ஒதைக்கிற, அது இன்னா மாடா? மொதல்ல முள்ளு நடுவுல வரட்டும்"னுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியல. என்ன முள்ளு? ஆயா, "எம்புள்ள போலீஸ்ல கீறான், வூட்டாண்ட டெய்லி நான் பாக்குறேன், முள்ளு நடுவுல வராம அவன் ஒதைக்கவே மாட்டான்"னு சொல்லிட்டு அடுத்த முழம் பூவுக்கு போயிடுச்சு.

நான் லேத்ல வேலை பாக்கறவன், மைக்ரோமீட்டர் புடிக்கறவன், பூக்கட்டுற ஆயாவுக்கு தெரிஞ்சது எனக்கு தெரியல. வெக்கமா போச்சு. மறுநாள் புதுப்பேட்டைக்கு வண்டிய தள்ளிட்டே போனேன். அங்க ஒரு மெக்கானிக் பாய் இருந்தாரு, பேர் சொன்னா அவருக்கு புடிக்காது. நடந்தத சொன்னேன், அவர் சிரிக்கவே இல்ல. "ஆயா கரெக்டாதான் சொல்லிருக்கு தம்பி, அதுக்கு மேல எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல"ன்னுட்டு அரை மணி நேரம் சொன்னாரு.

விஷயம் இதான். பொறுமையா கேளுங்க, படம் வேணாம், எல்லாரும் அடிபம்பு அடிச்சவங்கதானே. அடிபம்புல சும்மா அடிச்சுட்டே இருக்கும்போது லேசா போகும், தண்ணி ஏறும்போது கைப்பிடி கனமாகும்ல, அந்த கனம்தான் புல்லட்டோட கம்ப்ரஷன். பிஸ்டன் மேல ஏறி காத்த அமுக்குது. அந்த கனத்தோட நேரா மல்லுக்கு நின்னீங்கன்னா, பிஸ்டன் உச்சிய தாண்டாத நேரத்துல ஸ்பார்க் வந்து வெடிச்சு பிஸ்டன வந்த வழியே திருப்பி அனுப்பும், கிக்கர் உங்க கால்ல இறங்கும். அதனால மல்லுக்கு நிக்கக் கூடாது. ஹெட்லைட்டுக்கு மேல ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும், அதுல ஒரு முள்ளு. சாவிய போட்டுட்டு கிக்கர மெதுவா அமுக்குனா முள்ளு இடது பக்கம் சாயும், அப்புறம் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தா பாயிண்ட், அதாவது ஸ்பார்க் வரவைக்கற குட்டி சுவிட்ச், தொறந்தாச்சு, பிஸ்டன் உச்சி கிட்ட வந்தாச்சுன்னு அர்த்தம். அங்க நிறுத்தணும். இடது கைப்பிடில ஒரு குட்டி லிவர் இருக்கும், டிகம்ப்ரஸர், அத புடிச்சா உஸ்ஸுன்னு காத்து வெளிய போகும், அத புடிச்சுட்டே கிக்கர ஒரு ரெண்டு விரக்கடை மட்டும் அமுக்கிட்டு, லிவர விட்டுட்டு, கிக்கர மேல வரவிட்டு, அப்புறம் நிதானமா ஒரே உதை. உதைன்னு கூட சொல்லக்கூடாது, மாடிப்படி இறங்குற மாதிரி. டப், டப், டப், டப். அவ்ளோதான்.

அன்னிக்கு பாய் இன்னொண்ணும் பண்ணாரு. பாயிண்ட் பாக்ஸ தொறந்து, சிகரெட் பாக்கெட்டுக்குள்ள இருக்குற அந்த வெள்ளி பேப்பர்ல ஒரு துண்டு கிழிச்சு பாயிண்ட்டுக்கு நடுவுல சொருகி, ஒரு கையில பேப்பர இழுத்துட்டே இன்னொரு கையில இன்ஜின மெதுவா சுத்துறாரு. பேப்பர் புடிச்சுட்டே இருக்கு, புடிச்சுட்டே இருக்கு, ஒரு இடத்துல டப்புன்னு கழண்டு கையோட வந்துச்சு. "இங்க தான் தம்பி நெருப்பு வருது". என் பட்டறையில அதுக்கு பத்து கருவி வச்சிருப்போம். அவர்கிட்ட ஒரு சிகரெட் பேப்பர்.

இத எதுக்கு இவ்ளோ இழுக்கறேன்னா, முப்பது வருஷமா எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்வி, "இந்த ஒடம்ப வச்சுகிட்டு எப்படி சார்?" பலம் இல்லைங்க, நேக்கு. சென்டர் ஸ்டாண்டும் அப்படித்தான். புதுசா வாங்குற பசங்க வண்டிய பின்னாடி புடிச்சு தூக்கி இடுப்ப புடிச்சுகிட்டு வருவாங்க. தூக்கவே கூடாது. ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையில சமமா படுதான்னு பாத்து, ஒங்க மொத்த வெயிட்டையும் அந்த ஸ்டாண்ட் மிதிலயே ஏத்துனா வண்டி தானா ஏறி உக்காரும், கை சும்மா வழி காட்டுனா போதும். என் பொண்ணு காலேஜ் படிக்கும்போது செருப்ப கழட்டி ஓரமா வச்சுட்டு ஒரே கிக்ல ஸ்டார்ட் பண்ணுவா. தெருவுல ஜிம்முக்கு போற பையன் ஒருத்தன், நாலு தடவ முயற்சி பண்ணிட்டு "பேட்டரி வீக் அங்கிள்"னு சொல்லிட்டு போயிட்டான்.

சரி எங்க விட்டேன். ஆங், இந்த வண்டிகிட்ட அவசரம் ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளம். நாங்க அப்ப ஜாபர்கான்பேட்டை, அடையாறு பக்கத்துல. ராத்திரியோட ராத்திரியா தண்ணி ஏறி, மொட்டை மாடிக்கு போயிட்டோம், கீழ வண்டி டேங்க் வரைக்கும் முங்கிடுச்சு. ரெண்டு நாள். தண்ணி வடிஞ்ச அன்னிக்கு தெருவுல பாவம் ஆளாளுக்கு வண்டிய வெளிய எடுத்து செல்ஃப் போட்டுப் பாத்தாங்க. உள்ள தண்ணி இருந்தா அது அமுங்காதுங்க, காத்துதான் அமுங்கும், தண்ணி அமுங்காது, பிஸ்டன் போய் மோதி, அத புடிச்சிருக்கற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். நான் சாவியவே தொடல. ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு கிக்கர மெதுவா அமுக்குனேன், பிளக் ஓட்டையில இருந்து ரோஸ் நிற... இல்ல, சேறு கலர்ல தண்ணி பீச்சி அடிச்சு பக்கத்து வீட்டு சுவர்ல பட்டுச்சு. ஆயில கழட்டுனா அசல் டீக்கடை டீ, ஆடை கூட இருக்கு. புது ஆயில் ஊத்தி சுத்தி கழட்டி, மறுபடி ஊத்தி கழட்டி, நாலாவது தடவைதான் ஆயில் ஆயில் மாதிரி வந்துச்சு. பாயிண்ட்ட வெயில்ல காய வச்சேன், டிசம்பர்ல எங்க வெயிலு, அப்புறம் பொண்ணு தலை காய வைக்கற டிரையரு. ஒன்பதாவது நாள் முள்ளு நடுவுக்கு வந்துச்சு. ஒரே கிக். மாடியில இருந்து எங்க வீட்டம்மா எட்டிப் பாத்து, "பிரிட்ஜ் போச்சு, வாஷிங் மெஷின் போச்சு, இந்த கட்டைல போறது மட்டும் பொழச்சுகிச்சா?"ன்னா. சந்தோஷத்துலதான் சொன்னான்னு நினைக்கறேன்.

மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு விரல் காட்டுறாங்க. நாலு நிமிஷம். செஞ்சி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.

செஞ்சிய சுருக்கமா சொல்லிடறேன். காலையில நாலரைக்கு கிளம்பணும், தாம்பரம் தாண்டுற வரைக்கும் கஷ்டம், அப்புறம் செங்கல்பட்டு, விடியும்போது மதுராந்தகம் ஏரி. திண்டிவனத்துல வலது பக்கம் திரும்பி இருபத்தெட்டு கிலோமீட்டர். மணிக்கு அறுபதுதான், அதுக்கு மேல நான் போறதில்ல, வண்டி போகும், பிரேக் நிக்காது, எல்லாம் டிரம் பிரேக்கு, முன்னாடி போறவன் என்ன பண்ணப் போறான்னு நாம அரை பர்லாங்குக்கு முன்னாடியே யோசிக்கணும். லாங் ஸ்ட்ரோக் இன்ஜின், சிலிண்டர் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் 90, உள்ள ஃப்ளைவீல்னு ஒரு பெரிய கனமான சக்கரம், அதனால மேட்டுல கூட அறுபதுல டாப் கியர்ல அலட்டிக்காம இழுக்கும். அறுபதுல போனா காதுக்கு டாப்பெட் சத்தம் கேக்கும், செயின் கவர்ல படுறது கேக்கும், மழைக்கு ஏரிப் பக்கம் தவளை கத்துறது கூட கேக்கும். ஒரு தடவ செஞ்சி கோட்டை மலை கண்ணுக்கு தெரியற தூரத்துல கிளட்ச் கேபிள் அறுந்து, கிளட்ச்சே இல்லாம வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், அது பெரிய கதை, அதுல ஒரு ஆட்டு மந்தை வருது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் வருது... ரெண்டு விரல் காட்டுறாங்க, இன்னொரு நாள் கூப்ட்டா சொல்றேன்.

பெட்ரோல். இத மட்டும் சொல்லாம போகக்கூடாது, பழைய வண்டி வச்சிருக்கறவங்க கவனிங்க. இப்ப பங்க்ல வர்றது இருபது சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணிய இழுக்கும். ஒரு மாசம் வண்டிய எடுக்காம விட்டீங்கன்னா டேங்க் உள்பக்கம் துரு புடிக்கும், நம்ம ஊர் கடல் காத்து ஏற்கனவே வெளிப்பக்கத்த பாத்துக்குது. பழைய ரப்பர் டியூபு, டேங்க்குக்கு கீழ இருக்கற பெட்ரோல் டேப்போட வாஷரு இதெல்லாம் எத்தனாலுக்கு செஞ்சது இல்ல, ஊறி உப்பிடும், வெடிப்பு விடும். டியூப மாத்துங்க, பெருசா செலவு இல்ல, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல எத்தனாலுக்கு தாங்குற டியூபுன்னு கேட்டே வாங்குங்க. ஓட்டாம வைக்கறதா இருந்தா கார்புரேட்டர்ல இருக்கற பெட்ரோல காலி பண்ணிட்டு வைங்க, எப்படின்னா, டேப்ப மூடிட்டு இன்ஜின ஓடவிட்டு அது தானா நிக்கற வரைக்கும்...

மூடிட்டேனா? வாசல்ல செக்யூரிட்டி அண்ணனுக்கு ஸ்டார்ட் பண்ணி காட்டுன அவசரத்துல நான் டேப்ப மூடுன மாதிரியே ஞாபகம் இல்ல. மேடம், கைய காட்டுறது புரியுது, முடிச்சுட்டேன், நான் கீழ போய் பாக்கணும். வணக்கம்.