ஸ்காபரோ ரூஜ் ரிவர்: கோடு மாறினால் கணக்கும் மாறும்

வணக்கம் நேயர்களே.

கனடாவின் ரொறொன்ரோ நகரின் வடகிழக்கு மூலையில் ஸ்காபரோ ரூஜ் ரிவர் என்றொரு மத்திய நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 1988 முதல் 2011 வரை எட்டுப் பொதுத் தேர்தல்கள். முதல் ஏழிலும் வென்றவர் லிபரல் கட்சியின் டெரெக் லீ. 2000ஆம் ஆண்டில் விழுந்த வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அவருக்கே. யாரை நிறுத்தினாலும் லிபரல்தான் வெல்லும் என்று கட்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன இடம் அது.

எட்டாவது தேர்தலில் அந்தக் கோட்டை சரிந்தது. 2011 மே 2ஆம் திகதி என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளர் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றத்துக்குள் போன முதல் தமிழரானார். தமிழ் வாக்கு திரண்டதால் வந்த வெற்றி என்று நம்மவர் பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. டெரெக் லீ அந்த முறை நிற்கவில்லை. அவருக்கென்று விழுந்த சொந்த வாக்குகள் புது லிபரல் வேட்பாளருக்குப் போய்ச் சேரவில்லை. கட்சித் தலைவர் ஜாக் லேட்டனின் அலையில் என்.டி.பி. நாடு முழுவதும் 103 இடங்களைப் பிடித்த ஆண்டும் அதுவே. ராதிகாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 40 சதவீதம். மிச்சத்தை கொன்சர்வேட்டிவும் லிபரலும் பங்கு போட்டன; லிபரல் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அதிக வாக்கு எடுத்தவரே வெல்லும் முறையில் 40 சதவீதம் தாராளமாகப் போதும்.

அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதியே இல்லை. பத்தாண்டுக் குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு, மாகாணத்துக்கு ஒன்றாக மூவர் கொண்ட ஆணைக்குழு எல்லைகளைத் திருத்தும். தலைவர் ஒரு நீதிபதி. மாகாணச் சனத்தொகையை ஆசனங்களால் பிரித்து வரும் சராசரிக்கு 25 சதவீதம் கூடவோ குறையவோ ஒரு தொகுதி இருக்கலாம். ரொறொன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் ஆசனங்கள் 106இலிருந்து 121 ஆனபோது அந்தச் சராசரி 106,213 பேர். அந்தத் திருத்தத்தில் ரூஜ் ரிவர் உடைந்து, ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ ரூஜ் பார்க் என்ற இரு தொகுதிகளுக்குள் போனது. ரூஜ் பார்க்கில் அக்கம்பக்கத் தொகுதிகளின் துண்டுகளும் ஒட்டிக்கொண்டன.

2015இல் ராதிகா ஸ்காபரோ வடக்கில் நின்று மூன்றாவதாக வந்தார். வென்றவர் லிபரலின் ஷான் சென். ரூஜ் பார்க்கில் லிபரலின் ஹரி ஆனந்தசங்கரி சுமார் 60 சதவீதத்தோடு வென்றார். அங்கே கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் பிரசாரத்தின் நடுவிலேயே விலக்கப்பட, அவசரத்துக்கு நிறுத்தப்பட்டவர் லெஸ்லின் லூயிஸ். அவர் பின்னாளில் கட்சித் தலைமைக்கே இருமுறை போட்டியிட்டார் என்பது வேறு கதை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 2011 ரூஜ் ரிவர் முடிவையும் 2015 ரூஜ் பார்க் முடிவையும் பக்கத்தில் வைத்து, என்.டி.பி. இத்தனை சதவீதம் இழந்தது என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் ஒத்துப்போகிறது, நிலம் ஒத்துப்போகவில்லை. தேர்தல் அலுவலகம் வாக்குச்சாவடி வாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. பழைய சாவடிகளின் வாக்குகளைப் புது எல்லைக்குள் அடுக்கி மாற்றிக் கணித்த அட்டவணையும் உண்டு. ஒப்பிட வேண்டியது அதோடுதான். அதிலும் ஒரு சிக்கல்: முன்கூட்டிய வாக்களிப்பில் பல வட்டாரங்களின் வாக்கு ஒரே பெட்டியில் விழும். எந்தத் தெருவின் வாக்கு என்று பிரிக்க வழியில்லாததால் அதைப் பகிர்ந்துதான் கணிக்க வேண்டும். ஒரு சதவீத வித்தியாசத்தை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

கோடு அசையாமலே வாக்கு மாறியதும் உண்டு. 2018 மாகாணத் தேர்தலில் ரூஜ் பார்க் எல்லை அப்படியே இருந்தது. 2015இல் லிபரலுக்கு அள்ளிப் போட்ட இடம், மூன்று ஆண்டுகளுக்குள் முற்போக்குக் கொன்சர்வேட்டிவ் என்ற மாகாணக் கட்சியின் விஜய் தணிகாசலத்தைத் தெரிவுசெய்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஒட்டாவாவுக்கு, அதாவது மத்திய நாடாளுமன்றத்துக்கு, மறுபடி ஆனந்தசங்கரி. மாகாணத்துக்கு ஒரு கட்சி, மத்திக்கு இன்னொரு கட்சி என்று வாக்காளர் பிரித்துப் போடுவது ஒன்ராறியோவில் பழைய பழக்கம். தமிழ் வாக்கு ஒரே பொதியாக நகர்கிறது என்போர் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

இப்போது எல்லை மறுபடியும் மாறிவிட்டது. 2025 பெப்ரவரி மாகாணத் தேர்தல் பழைய ரூஜ் பார்க் எல்லையிலேயே நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் 28இல் வந்த மத்திய தேர்தலில் அதே பகுதியின் பெரும்பகுதி ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க் என்ற புதுத் தொகுதிக்குள் இருந்தது. அங்கே ஆனந்தசங்கரி எடுத்த சதவீதத்தை 2021இன் சதவீதத்தோடு ஒப்பிடுமுன், மாற்றிக் கணித்த அட்டவணையை ஒருமுறை திறந்து பாருங்கள்.